லாடிஸ் களைக்கொல்லி: மக்காச்சோளக் காட்டில் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

விதைத்துப் பதினைந்து நாளில் சாரணையும் குதிரைவாலியும் மண் தெரியாமல் மூடிவிட்ட மக்காச்சோளக் காட்டுக்கு, பேயர் நிறுவனத்தின் லாடிஸ் கொடுக்கிற காசுக்குத் தகுந்த மருந்துதான். ஆனால் கோரைக் காட்டுக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். கோரையும் அருகும் கொஞ்சம் வெளுத்துப்போய், அடியில் கிழங்கும் வேரும் உயிரோடு இருப்பதால் திரும்பத் துளிர்த்துவிடும். கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான் 75% குருணையை ஏக்கருக்கு 36 கிராம் அடிப்பதுதான் வழி.

லாடிஸில் இருப்பது டெம்போட்ரியோன் 42% எஸ்.சி. (தண்ணீரில் கலக்கும் கெட்டித் திரவம்). பச்சையம் வெயிலில் கருகாமல் காக்கும் நிறமிகளை இது உருவாகவிடாது. அதனால்தான் களை மஞ்சளாகாமல் வெள்ளையாகச் சாகிறது. குருத்து வெளுக்க மூன்று முதல் ஐந்து நாள், முழுக்கக் காய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மறுநாளே போய்ப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பதில் பயனில்லை.

ஏக்கருக்கு 115 மில்லி மருந்து, கூடவே 400 மில்லி ஒட்டும் திரவம், 200 லிட்டர் தண்ணீர். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒட்டும் திரவத்தை விட்டுவிடுகிறவர்கள் பலர். புல் இலையில் மருந்து நிற்காமல் உருண்டு விழுந்துவிடும். பிறகு மருந்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. 10 லிட்டர் டேங்க்குக்கு 5.75 மில்லி என்று மூடியில் அளக்க முடியாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, 115 மில்லியையும் தண்ணீரில் கரைத்து மொத்தம் 2 லிட்டராக்கி, டேங்க்குக்கு 100 மில்லி வீதம் 20 டேங்க் அடியுங்கள். ஒட்டும் திரவம் டேங்க்குக்கு 20 மில்லி. நுரைக்கும் என்பதால் கடைசியில் ஊற்றவும்.

அட்ரசின் என்ற இன்னொரு களைக்கொல்லியின் 50% தூளை ஏக்கருக்கு 400 கிராம் சேர்த்தால் வேலை கூர்மையாகும், புதிதாக முளைப்பதும் அடங்கும். அதைத் தனியாகக் கூழாகக் கரைத்து, பாதித் தண்ணீர் உள்ள டேங்க்கில் முதலில் ஊற்றுங்கள். விதைத்த 3–5 நாளில் ஏற்கெனவே அட்ரசின் அடித்த காடு என்றால் மறுபடி வேண்டாம். அடுத்த போகம் உளுந்து போட நினைத்தால் மண்ணில் தங்கும் மிச்சம் அதன் முளைப்பைக் கெடுக்கும்.

களை மூன்று, நான்கு இலையில் இருக்க வேண்டும், மண்ணில் ஈரமும் வேண்டும். விதைத்த 15–20 நாளுக்குள் இது அமையும். முழங்கால் உயரச் சாரணைக்கும் வாடிக் கிடக்கும் களைக்கும் அடிப்பது வீண் செலவு. விசிறி நாசிலைப் போட்டு, ஒரே வேகத்தில் நடந்து அடியுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை விழுந்தால் பயிரும் வெளுக்கும், பெரும்பாலும் புது இலையில் தேறிவிடும். படைப்புழு மருந்தை இதோடு கலக்கிறார்கள். அது குருத்துக்குள் இறங்க வேண்டிய மருந்து, இது களைமேல் விரிந்து விழ வேண்டியது. ஒரே நடையில் இரண்டும் நடக்காது.

பெரம்பலூர்ப் பக்கம் பக்கத்துக் காடு பருத்தியாக இருக்கும். அங்கே 2,4-டி களைக்கொல்லியை அடித்தால் காற்றில் போகிற கொஞ்சமே பருத்தி இலையைச் சுருட்டிவிடும். புல்லும் அதற்குச் சாகாது. அந்த இடத்தில் லாடிஸ் மேல், ஆனாலும் காற்றடிக்கும்போது வேண்டாம்.

ஊடுபயிராக உளுந்தோ சோயாவோ இருந்தால் லாடிஸ் பேச்சே வேண்டாம், இரண்டும் போய்விடும். சோயாவுக்கு அடிக்கும் இமாசெத்தபைர் மக்காச்சோளத்தைக் கொல்லும். கலப்புக் காட்டுக்கு விதைத்த மூன்று நாளுக்குள், ஈரத்தில், பெண்டிமெத்தலின் 30% ஏக்கருக்கு 1.3 லிட்டர்தான் பொருத்தம். அட்ரசினும் அங்கே ஆகாது.

லாடிஸின் பெரிய வசதி, உர அட்டவணையோடு ஒத்துப்போவது. இறவை வீரிய ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 100 கிலோ. கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள். 25ஆம் நாள் பங்கு மட்டும் ஏறக்குறைய 109 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டும் இன்னொன்றில் 19 கிலோவும். களை வெளுத்துக் கிடக்கும்போது அது பயிருக்கே போய்ச் சேரும். களை பச்சையாக இருக்கும்போது போட்டால் முதல் பந்தி சாரணைக்குத்தான். குருத்தில் குருணை விழாமல் செடியோரம் போட்டு, மண் அணைத்து, அன்றே தண்ணீர் கட்டுங்கள். காய்ந்த மண்மேல் கிடக்கும் யூரியா காற்றில் போய்விடும்.

டேங்க், குழாய், நாசில் மூன்றையும் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவாமல் அதே தெளிப்பானைக் காய்கறிக்கோ பயறுக்கோ எடுக்காதீர்கள்.