பிளாக் கோபாலிமர் தயாரிப்பு: எதிரயனி முறையா, ராஃப்ட் முறையா?

ஒன்றோடொன்று கலக்க விரும்பாத இரு பாலிமர் சங்கிலிகளை ஒரு வேதிப்பிணைப்பால் இணைத்துப் பிளாக் கோபாலிமர் ஆக்கிவிட்டால், பிரிய முயன்றும் விலகிச் செல்ல முடியாமல், அவை சில பத்து நானோமீட்டர் அளவில் அடுக்குகளாகவோ உருளைகளாகவோ கோளங்களாகவோ தாமே ஒழுங்கடைகின்றன. நானோ அச்சு, வடிகட்டும் சவ்வு, மருந்தைச் சுமக்கும் நுண்கோளம் என இத்துறை எத்தனை திசைகளில் கிளைத்தாலும், எதை ஆராய முடியும், எதை முடியாது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சங்கிலியைக் கட்டும் முறைதான். இன்று ஆய்வகங்கள் பெரிதும் தயங்கி நிற்பது இரண்டு முறைகளுக்கிடையே: எதிர்மின்னேற்றமுள்ள முனையில் சங்கிலி வளரும் உயிருள்ள எதிரயனி முறை, இணையற்ற எலக்ட்ரான் கொண்ட முனையில், அதாவது ரேடிக்கலில், வளரும் ராஃப்ட் எனப்படும் கட்டுப்படுத்திய ரேடிக்கல் முறை.

மூத்தது எதிரயனி முறை. 1956இல் வேதியியலாளர் மைக்கேல் ஸ்வார்க், சோடியம் நாஃப்தலீனின் பச்சைக் கரைசலில் ஸ்டைரீனைச் சேர்த்தபோது அது செந்நிறமானது. மோனோமர் (சங்கிலியின் அலகாகும் சிறுமூலக்கூறு, இங்கே ஸ்டைரீன்) தீர்ந்த பின்னும் அந்த நிறம் மங்கவில்லை. சங்கிலியின் முனை இறக்கவில்லை, அடுத்த மோனோமரைத் தந்தால் அங்கிருந்தே வளரும் என்பதற்கு அதுவே சாட்சி. இன்றும் இவ்வினையைச் செய்பவர் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். கண்ணாடிக் குடுவையின் சுவரில் ஒட்டியிருந்த ஈரம் சிறிதளவு கலந்தாலும் போதும், கண்ணெதிரே நிறம் வெளுத்து, பல நாள் உழைப்பு வீணாகும். அந்தக் கடுமைக்கு ஈடாகக் கிடைப்பது அபூர்வமான சீர்மை: சங்கிலி நீளப் பரவலைக் காட்டும் எண் (எல்லாம் ஒரே நீளமானால் 1) 1.05க்கும் கீழே இறங்குகிறது. ஸ்டைரீன்–பியூட்டாடையீன்–ஸ்டைரீன் ரப்பர் 1960களிலிருந்து தொழிற்சாலைகளில் இம்முறையில்தான் தயாராகிறது.

ராஃப்ட் முறையை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டார்கள். கந்தகம் கொண்ட ஒரு சேர்மம் வளரும் ரேடிக்கல்களைச் சங்கிலிகளுக்கிடையே மாற்றி மாற்றிப் பங்கிடுவதால், எல்லாச் சங்கிலிகளும் ஏறத்தாழச் சமமாக வளர்கின்றன. நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றினால் போதும். நீரிலேயே வினை நடத்தலாம். எதிரயனி முனையை உடனே கொன்றுவிடும் அக்ரிலிக் அமிலத்தையும் ஹைட்ராக்சில் தொகுதியுள்ள மோனோமர்களையும் அவற்றைத் தற்காலிகமாக மூடிவைக்கும் மறைப்புத் தொகுதி இல்லாமலே இணைக்கலாம்.

இரு முறைகளின் குணத்தையும் நெருங்கிப் பார்க்க ஸ்டைரீன் சங்கிலியும் மெத்தில் மெத்தக்ரிலேட் சங்கிலியும் இணைந்த பாலிஸ்டைரீன்–பி.எம்.எம்.ஏ. என்ற ஒரே பாலிமரை எடுத்துக்கொள்வோம். எதிரயனி முறையில் ஸ்டைரீன்தான் முதலில் வர வேண்டும், ஏனெனில் மெத்தக்ரிலேட் எதிரயனிக்கு ஸ்டைரீனைத் தொடங்கிவைக்கும் வலு இல்லை. ஸ்டைரீன் முனைக்கோ வலு மிகுதி. அது மெத்தக்ரிலேட்டின் எஸ்டர் தொகுதியையே தாக்கும் என்பதால், டைஃபினைல்எத்திலீன் அலகொன்றைச் சேர்த்து அதைத் தணித்து, மைனஸ் 78 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே இரண்டாம் மோனோமரைச் சேர்க்கிறார்கள். ராஃப்ட் முறையில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது. இங்கே கேள்வி எந்த ரேடிக்கல் எளிதில் பிரிந்து செல்லும் என்பதுதான். மெத்தக்ரிலேட் ரேடிக்கல் ஸ்டைரீனுடையதைவிட எளிதில் பிரிவதால், மெத்தக்ரிலேட் தொகுதியை, அதாவது அந்தச் சங்கிலித் துண்டை, முதலில் கட்ட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் பாலிஸ்டைரீன் சங்கிலிகளில் பெரும்பகுதி தொடங்கப்படாமலே கிடக்க, சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜி.பி.சி. வரைபடத்தில் முதன்மை முகட்டுக்கு அருகே இன்னொரு மேடு எழும்.

ராஃப்ட் முறையின் உண்மையான குறை நீளப் பரவல் அன்று என்பது என் கருத்து. பரவல் எண் 1.1 முதல் 1.3 வரை இருந்தாலும் ஒழுங்கமைப்பு குலைவதில்லை. பரவல் கூடும்போது அடுக்கின் இடைவெளி விரிகிறது, அவ்வளவே. கவலைக்குரியவை இறந்த சங்கிலிகள். ரேடிக்கல் தூண்டி சேர்க்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சில சங்கிலிகள் முடிந்துபோவதால், மூன்று நான்கு தொகுதிகளைக் கட்டும்போது கலப்படம் குவிகிறது. மிக நீண்ட சங்கிலிகளை உருவாக்குவதும் கடினம். முனையில் தங்கும் கந்தகத் தொகுதி நிறமும் நாற்றமும் தருவதால், அதை நீக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் நானோ அச்சுத் துறையில் இரு முறைகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. சமபங்குள்ள இரு தொகுதிகள் பிரிந்து ஒழுங்கடைய, அவற்றின் பகைமையைக் குறிக்கும் கை (χ) என்ற எண்ணையும் சங்கிலி நீளத்தையும் பெருக்கினால் 10.5க்கு மேல் வர வேண்டும் என்பது 1980இல் இயற்பியலாளர் லுட்விக் லெய்ப்லர் தந்த கணிப்பு. பாலிஸ்டைரீன்–பி.எம்.எம்.ஏ.வின் கை மதிப்பு ஏறத்தாழ 0.04 மட்டுமே, ஆகவே சங்கிலிக்குக் குறைந்தது 260 அலகுகளாவது வேண்டும், அடுக்கு இடைவெளியும் 20 நானோமீட்டருக்குக் கீழே எளிதில் இறங்காது. இன்னும் நுண்ணிய கோடுகள் வேண்டுமெனில் பகைமை மிகுந்த சோடிகளைத் தேட வேண்டும். அவற்றில் பல, எதிரயனி ஏற்காத தொகுதிகளைச் சுமப்பவை. புதிய சோடிகளை விரைவாகச் சோதிக்க ராஃப்ட் முறையே கைகொடுக்கும். ஆனால் தேர்ந்தெடுத்த சோடியின் கை மதிப்பைத் துல்லியமாக அளக்க, இயன்ற இடத்திலெல்லாம் எதிரயனி மாதிரியையே நான் நம்புவேன்.

நீரிலேயே சங்கிலி வளர வளரக் கோளம், புழு, பை என்று வடிவங்கள் உருவாகும் பலபடியாக்கவழி ஒழுங்கமைப்பில் ராஃப்ட் முறைக்கு ஈடான போட்டியே இல்லை. முன்பெல்லாம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான செறிவில் தயாரித்த துகள்களை இப்போது பல பத்து விழுக்காட்டுச் செறிவில் எடுக்கிறார்கள்.

இரண்டையும் இணைப்பவர்களும் இருக்கிறார்கள்: எதிரயனி முறையில் முதல் தொகுதியைச் சீராக வளர்த்து, அதன் முனையை ஹைட்ராக்சிலாக மாற்றி, அங்கே ராஃப்ட் சேர்மத்தைப் பொருத்தி, மீதியை ரேடிக்கல் வழியில் கட்டுவது. நல்ல வழிதான், ஆனால் அந்த முனைமாற்றம் முழுமையாக நடக்காவிட்டால் வளராத முதல் தொகுதி உள்ளேயே தங்கி அடுக்குகளை வீங்கச்செய்யும் என்பதால், மின்னணு நுண்நோக்கிக்கு மாதிரியைக் கொண்டுபோகும் முன் ஜி.பி.சி. வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும்.