முப்பட்டகமா, கீற்றணியா?

ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: முப்பட்டகம் (prism) என்பது முக்கோணக் கண்ணாடித் துண்டு; கீற்றணி (grating) என்பது நெருக்கமான நுண்கோடுகள் கொண்ட பரப்பு.

நிறம் பிரியும் விதம்
முப்பட்டகம்: ஊதாதான் அதிகம் வளையும். சிவப்புப் பக்கம் நெருக்கியடித்து, ஊதாப் பக்கம் அகன்று கிடக்கும்.
கீற்றணி: நேர் எதிர். சிவப்புதான் அதிகம் விலகும். நிறங்கள் ஏறக்குறைய சீராகப் பரவும்.

பிரகாசம்
முப்பட்டகம்: ஒரே பட்டை, பளிச்சென்று விழும்.
கீற்றணி: ஒளி பல வரிசைகளாகப் பங்கு போவதால் ஒவ்வொன்றும் மங்கல்.

விலை, உழைப்பு
கீற்றணித் தாள் மலிவு. ஆனால் மில்லிமீட்டருக்கு 500, 1000 என்று கோடுகள் உள்ள பரப்பு. விரல் பட்டால் பாழ். முப்பட்டகத்தைத் துணியால் துடைத்தால் போதும்.

சரி, எந்த ஒளிக்கு எது? வெயிலுக்கு முப்பட்டகம்தான். மெல்லிய பிளவு வழியே விழும் கதிரில் அதைப் பிடித்து மெல்லத் திருப்பினால், வெள்ளைச் சுவரில் நிறங்கள் நகர்ந்து போகும் அழகு வேறெதிலும் வராது. ஆனால் முப்பட்டகத்தில் லேசரை விட்டால் புள்ளி இடம் மாறும், அவ்வளவுதான். கீற்றணியிலோ புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும், அவற்றின் இடைவெளியை வைத்து அலைநீளத்தையே கணக்கிடலாம்.

விளக்குகளை ஒப்பிடவும் கீற்றணிதான் என் தேர்வு. வெள்ளை எல்இடியைப் பாருங்கள்: நீலம் தூக்கலாக, பக்கத்திலேயே ஒரு மங்கலான பள்ளம், அப்புறம் பச்சையிலிருந்து சிவப்பு வரை அகன்ற பட்டை. தாழழுத்த சோடியம் விளக்கிலோ கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் அலைநீள மஞ்சள் மட்டுமே.

புற ஊதாவுக்கு, சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குவார்ட்ஸ் முப்பட்டகம் வேண்டும்.