மெழுகுக் கறை: ஐஸா, அயர்ன் பாக்ஸா?

மொசைக் தரை, மர மேசை என்றால் ஐஸ்தான். கட்டிகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு 10 நிமிடம் மேலே வையுங்கள். மெழுகு இறுகி, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் நெம்பினால் படக்கென்று பெயர்ந்துவிடும். கத்தி பாலிஷில் கோடு போடும். கவர் இல்லாமல் வைத்தால் ஈரம் பட்டு மரம் வெளுக்கும்.

பருத்தித் துணியில் ஐஸ் பாதி வேலைதான் செய்யும். நூலுக்குள் இறங்கிய மெழுகு அப்படியே இருக்கும். மேல்படிவைச் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் வெள்ளை டிஷ்யூ வைத்து, ஆவியில்லாமல் குறைந்த சூட்டில் தேயுங்கள். பாரஃபின் (மெழுகுவத்தி மெழுகு) 60 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், அதிகச் சூடு எதற்கு? பஜ்ஜி வைத்த தாள்போல டிஷ்யூ ஊறியதும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் உறிஞ்சிய மெழுகு துணிக்கே திரும்பும். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும். சிவப்பு மெழுகுவத்தி என்றால் அயர்ன் பக்கமே போகாதீர்கள்: சூட்டில் சாயம் துணியில் ஏறிவிடும்.