காசு கொடுத்து பல்பு வாங்கினேன்: ஸ்னோடிராப் கிழங்கு வாங்குகிறவர்கள் கவனம்

காந்தளூரில் மூன்று தலைமுறையாகப் பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. விதைப்பூண்டைக் கையில் எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாலே எது சோடை, எது தேறும் என்று அம்மா பிரித்துப் போட்டுவிடுவார். அந்த வீட்டில் பிறந்த நான் பூக்கிழங்கு வாங்கி 1,850 ரூபாயைத் தொலைத்தேன். மூணாறு, வட்டவடைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற இரண்டு பேர் அதே ஆளிடம் விலை கேட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிந்ததால், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் பிளம்ஸ் மரங்கள், நாலு ஆப்பிள். மார்கழியில் எல்லாம் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும். அடியில் வெறும் மண். ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில் ஸ்னோடிராப் என்று ஒரு வெள்ளைப் பூ ஜனவரி, பிப்ரவரியிலேயே பூத்துவிடும். மரம் தழைத்து நிழல் கட்டுவதற்குள், தரையில் விழுகிற வெயிலை வைத்தே அந்த வருடத்துக்கான சத்தைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். நம்ம பிளம்ஸ் மரத்தடியும் அதே கணக்குதானே என்று நினைத்தேன். கணக்கு பாதிதான் சரி. எங்களுக்கு ராத்திரி குளிர் உண்டு. பகலில் நல்ல வெயில் அடித்துவிடும். அந்தச் செடிக்குத் தேவை மண்ணே வாரக்கணக்கில் குளிர்ந்து கிடப்பது. அதனால் அசல் கிழங்கே வந்திருந்தாலும் பூத்திருக்குமா என்பது சந்தேகம்தான். சரி, அசல் வந்தால்தானே அந்தப் பேச்சு.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். 'ஹாலந்திலிருந்து நேரடி இறக்குமதி, நட்ட 30 நாளில் பூ.' 25 கிழங்கு 1,700, கூரியர் 150. பொருள் வந்ததும் காசு என்பதெல்லாம் கிடையாது, ஜிபே மட்டும். அந்த '30 நாள்' என்பதிலேயே நான் நின்றிருக்க வேண்டும். பூண்டே மூன்று நாலு மாதம் கேட்கிறது. இலையுதிர் காலத்தில் ஊன்றி, குளிர்காலக் கடைசியில் பூ பார்க்கிற கிழங்கு ஒரு மாதத்தில் எப்படிப் பூக்கும்? பனிக்குள்ளிருந்து மொட்டு எட்டிப்பார்க்கிற படத்தைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது.

பார்சல் 19 நாள் கழித்து மறையூருக்கு வந்தது. ஒட்டிய பிளாஸ்டிக் கவர், உள்ளே வேர்த்துக் கிடந்தது. எண்ணினால் 22. அதில் நாலு அழுகல். மேலே செடியின் பெயர் இல்லை, அனுப்பியவர் முகவரியும் இல்லை. அம்மா ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வெங்காயத்துக்கா இவ்வளவு கொடுத்த?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் படித்தேன்: ஸ்னோடிராப் கிழங்கு மண்ணை விட்டு வெளியே இருந்தால் சீக்கிரம் காய்ந்து கெட்டுவிடுமாம். அதனால் ஐரோப்பாவில் பலரும் பூ முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே பிடுங்கி நடுவதைத்தான் விரும்புகிறார்கள்.

கார்த்திகையில் நட்டேன். முளைத்தது. ஆனால் கொத்துக்கொத்தாக, மெல்லிசாக, கரும்பச்சையில், வெங்காயத்தாள் மாதிரி. ஸ்னோடிராப்புக்குப் பெரும்பாலும் கிழங்குக்கு இரண்டு இலைதான், பட்டையாக, சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும். படம் எடுத்து அனுப்பினேன். "கிளைமேட்டுக்குத் தக்க மாறும் சார்" என்று பதில்.

மார்கழி போனது, தை போனது, ஒரு மொட்டு இல்லை. ஏப்ரலில் இடியோடு ஒரு கோடை மழை. மூன்றாம் நாள் காலை மரத்தடி முழுக்க வெள்ளைப் பூ. ஒரு நிமிடம் மனசு துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன். கிட்டப் போய்க் குனிந்தேன். ஸ்னோடிராப் தலை குனிந்து தொங்கும். வெளியே மூன்று பெரிய இதழ், உள்ளே மூன்று குட்டி இதழ், குட்டியின் நுனியில் பச்சைத் தீற்றல். இதுவோ ஆறு இதழும் ஒரே அளவில் வானத்தைப் பார்த்து விரிந்து நிற்கிறது. உடுமலையிலிருந்து வந்திருந்த அத்தைதான் சொன்னார்: "இது மழை லில்லிடா. எங்க வாசல்ல களைன்னு பிடுங்கிப் போடறோம்." இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், கிழங்கும் ஏறக்குறைய ஒரே சாயல். ஏமாற்றுகிறவனுக்கு வசதி.

காசைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை முடக்கிவிட்டான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் போன உடனே கூப்பிட வேண்டியது இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930. நான் விழித்துக்கொள்வதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. 2020-இல் வந்த இணைய வணிக விதிகளின்படி விற்பவர் பெயரும் முகவரியும் போட்டாக வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்தது வெறும் செல் நம்பர்.

வெளிநாட்டுக் கிழங்கு என்று யாராவது சொன்னால் இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாடு கொடுத்த தாவர நலச் சான்றும் கேளுங்கள். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அவை இல்லாமல் கிழங்கு நாட்டுக்குள் வரக்கூடாது. காட்டுச் செடி, விலங்குகளை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் ஸ்னோடிராப் இருக்கிறது. என் தம்பி புது ஆள் மாதிரி அந்த நம்பருக்கு எழுதி இந்தக் காகிதங்களைக் கேட்டான். ஒரு கட்டைவிரல் குறி வந்தது, அதோடு சரி.

பக்கத்தின் பெயரை இப்போது மாற்றிவிட்டான், படம் மட்டும் அதேதான்: கிழங்குகளை ஏந்திய ஒரு கை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, பின்னால் நீலப் பிளாஸ்டிக் பேசின்.