கரிக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று: துப்பாக்கிக்கு எந்த டப்பா?

துப்பாக்கி சுடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் எண்ணெயில் வந்து நிற்கும். பத்து வருடமாக ஒரே டப்பாதான் என்பார் ஒருவர். காருக்கு ஊற்றும் என்ஜின் ஆயிலே போதும், மற்றதெல்லாம் லேபிளுக்குக் கொடுக்கிற காசு என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பேசுவது மசகை, அதாவது உரசலைக் குறைக்கிற எண்ணெயைப் பற்றி. எனக்கென்னவோ, டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கிற இடமே இந்த மசகுதான். சண்டை மட்டும் அங்கேதான் அதிகம். யோசித்து வாங்க வேண்டியவை வேறு இரண்டு: குழலைச் சுத்தம் செய்கிற திரவம், பூட்டி வைக்கும்போது துருவைத் தடுக்கிற பூச்சு.

எதைத் திறப்பதற்கும் முன்னால் வழக்கமான வேலை ஒன்று இருக்கிறது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, சுடும் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிட வேண்டும். தோட்டாக்கள் அந்த மேசையில் இருக்கக் கூடாது, அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொள்வதும் அவசியம். தோட்டாவின் அடியில் பொறி கிளப்புகிற பிரைமரிலிருந்தும் குண்டிலிருந்தும் வந்த ஈயம் அந்த அழுக்கில் கலந்திருக்கும். சுத்தம் செய்துகொண்டே டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடலாம்.

சரி, அழுக்குக்கு வருவோம். குழலுக்குள் ஒரே அழுக்கு இருப்பதில்லை. வெடிமருந்து எரிந்த கரி ஒன்று. குண்டின் செம்பு உறை உரசி ஒட்டிய செம்புப் படிவு இன்னொன்று. உறையில்லாத குண்டு சுட்டால் ஈயம். ஷாட்கன் என்றால் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருக்கும். பழைய ரகத் தோட்டாவாக இருந்தால் உப்பும் சேரும். கரியைக் கரைக்கிற திரவம் பெரும்பாலும் செம்பைச் சீக்கிரம் கரைக்காது. செம்பைக் கரைக்கிறதெல்லாம் உப்பையும் கழுவிவிடும் என்று இல்லை. ‘எது சிறந்தது’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்த அழுக்குக்கு’ என்று கேட்டாக வேண்டும்.

முதல் போட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்கிற சிஎல்பிக்கும் தனித்தனி திரவங்களுக்கும். சிஎல்பி என்றால் சுத்தம் செய்யும், மசகாகும், பாதுகாக்கும் என்று மூன்று வேலை. அமெரிக்க ராணுவம் இதற்கென்றே ஒரு தரநிர்ணயம் வைத்திருக்கிறது, பிரேக்-ஃப்ரீ சிஎல்பி அந்த வகையில் பெயர் பெற்றது. பையில் ஒரு குப்பிதான் வைக்க முடியும் என்கிற சிப்பாய்க்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. மூன்று வேலையிலும் இது அறுபது மார்க் வாங்குகிற மாணவன். புதுக் கரியை நன்றாகத் தளர்த்தும். செம்புப் படிவில் பெரிதாக ஒன்றும் செய்யாது. துருவைத் தடுக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடக்கப்போகிற துப்பாக்கிக்கு அந்த மெல்லிய படலத்தை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. வாரம் ஒரு முறை சுட்டு அன்றே துடைத்து வைக்கிறவருக்கு இது ஒன்றே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மூன்று டப்பா வாங்கச் சொல்வது அநியாயம்.

தனித் திரவங்களில் எல்லோருக்கும் தெரிந்தது ஹாப்பிஸ் நம்பர் 9. 1903இல் ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி உருவாக்கியது. அதன் பழைய கலவையில் இருந்த அமைல் அசிடேட்டால் பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே இதை விடாதவர்கள் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லப் போவதில்லை. கரிக்கும் சாதாரண அழுக்குக்கும் இது நிதானமான, நம்பகமான கை. செம்பையும் கரைக்கும், ஆனால் மெதுவாக. பொறுமை இருந்தால் நனைத்து வைத்துவிட்டுப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

பொறுமை இல்லாதவர்கள் அம்மோனியா அதிகமுள்ள செம்புக் கரைப்பானுக்குப் போகிறார்கள். ஸ்வீட்ஸ் 7.62 மாதிரியானவை. மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும் என்ன சரக்கு என்று. அம்மோனியா செம்பைத் தொட்டால் அடர் நீலமாகும். நனைத்து, ராடு என்கிற நீளக் கம்பியில் மாட்டித் தள்ளிய பேட்ச் துணி குழலின் மறுமுனையில் நீலமாக வெளிவந்தால் செம்பு கரைந்து வருகிறது என்று அர்த்தம். நீலம் மங்கி, வெளுத்து, கடைசியில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தால் வேலை முடிந்தது. இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிற திரவம் வேறு இல்லை.

அந்தப் பதில் பொய்யாகவும் வரும். ஒரு முறை பேட்ச் ஒவ்வொன்றும் நீலமாகவே வந்துகொண்டிருந்தது. பத்து போனது, இருபது போனது, நீலம் குறையவே இல்லை. குழலுக்குள் செம்புச் சுரங்கமே இருக்கிறதோ என்று நினைத்தேன். கடைசியில் ராடைக் கையில் எடுத்துப் பார்த்தால், பேட்ச் மாட்டியிருந்த பித்தளை முனை மட்டும் புதிதாய்த் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. அதுவரை நான் கரைத்துக்கொண்டிருந்தது குழலை அல்ல, என் முனையை. செம்புக் கரைப்பான் போடும்போது நைலான் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் முனையும்தான் சரி. வெண்கல பிரஷ் கரிக்கு நல்லது. இந்தத் திரவத்தில் அதை முக்கினால் பிரஷ்ஷும் போகும், நம் நேரமும் போகும்.

அம்மோனியாவுக்கு இன்னும் இரண்டு கட்டுப்பாடு. லேபிளில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் குழலில் விடக் கூடாது, பலமான ரகங்களில் அது கால் மணி நேரம்தான். அப்புறம் நன்றாகத் துடைத்து எண்ணெய் ஓட்ட வேண்டும். நிக்கல் பூச்சுள்ள துப்பாக்கியின் வெளிப்பக்கம் இது படவே கூடாது. பல நிக்கல் பூச்சுகளுக்கு அடியில் செம்பு அடுக்கு ஒன்று இருக்கும். பூச்சில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அம்மோனியா அதன் வழியே இறங்கி, அடியிலுள்ள செம்பைத் தின்று, மேலே உள்ள நிக்கலை உரித்துவிடும். பிளீச்சிங் திரவம் பக்கத்திலேயே இருக்க வேண்டாம், இரண்டும் கலந்தால் நச்சு வாயு.

அம்மோனியா இல்லாத செம்புக் கரைப்பான்களும் நுரை வகைகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. நுரையைச் செலுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துடைத்தால் போதும், ராடு ஓட்டுகிற வேலை பாதி குறையும். நாற்றம் இல்லை, உலோகத்துக்கும் ஆபத்து குறைவு. அறைக்குள் உட்கார்ந்து சுத்தம் செய்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட குழலுக்கு மட்டும் அம்மோனியாவின் வேகம் தேவைப்படலாம். துல்லியமாகச் சுடுகிறவர்கள் பலர், குறி பிசகத் தொடங்கும் வரை செம்பைத் தொடவே மாட்டார்கள் என்பதும் உண்டு. செம்பை முழுக்க எடுத்துவிட்டால் முதல் சில தோட்டாக்கள் வேறெங்கோ போய் விழும், குழல் பழைய நிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

உப்புக்கு வந்தால், கடையில் விற்கிற எல்லாத் திரவங்களையும் தோற்கடிக்கிற ஆள் வெந்நீர். பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். உப்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் குழலைத் துருவாக்கிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே போர்வை போர்த்திவிட்டுப் போகும், அவ்வளவுதான். கறுப்பு வெடிமருந்து போட்டுச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்கும் இதே வைத்தியம்தான், வெந்நீரும் கொஞ்சம் சோப்பும். சூடான நீர் என்றால் குழலும் சூடாகி ஈரம் சீக்கிரம் காயும். காய்ந்த மறுநிமிடம் எண்ணெய். அந்த இடைவெளியில் போன் வந்தால்கூட எடுக்காதீர்கள்.

பிரேக் கிளீனர் பற்றி இரண்டு வரி போதும். எண்ணெயையும் கரியையும் ஒரே அடியில் கழுவிவிடும், உண்மை. கூடவே உலோகத்தை எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்த்திவிட்டுப் போகும். சில ரகங்கள் பிளாஸ்டிக் பாகங்களையும் மரப் பாலிஷையும் கெடுக்கும். குளோரின் கலந்த ரகத்தை வெல்டிங் நெருப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இப்போது மசகு. உரசுகிற இடத்தில் மெல்லிய படலம் ஒன்று நின்றால் போதும் என்பதுதான் துப்பாக்கியின் தேவை. கார் என்ஜின் மாதிரி மணிக்கணக்கில் கொதிக்கிற வேலை இல்லை. அதனால் என்ஜின் ஆயில் சொன்னவர் பாதி சரி. உரசலுக்கு அது நன்றாகவே ஓடும். எண்ணெயா கிரீஸா என்று கேட்டால், சுழல்கிற இடத்துக்கு எண்ணெய், வழுக்குகிற இடத்துக்கு கிரீஸ் என்பது பழைய மெக்கானிக் கணக்கு. கிரீஸ் வழிந்து ஓடாது, மழையிலும் நிற்கும். அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்1 கராண்ட் ரைஃபிளுக்கு, தோளில் வைக்கும் மரக் கட்டையின் பின்பக்கக் குழியில் சின்னக் குப்பியில் கிரீஸ் வைத்துக் கொடுத்தார்கள். கடுங்குளிரில் அதே கிரீஸ் பிசினாகி, சேம்பரைப் பின்னாலிருந்து மூடுகிற போல்ட்டின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், அங்கே மெல்லிய எண்ணெய்தான்.

ஊற்றக் கூடாத எண்ணெய்களும் உண்டு. சமையல் எண்ணெய் முதல் நாள் பிரமாதமாக வழுக்கும். வாணலியின் வெளிப்புறத்தில் படிகிற பழுப்புப் பிசுக்கைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, சூடும் காற்றும் பட்டு அது போல்ட்டிலும் படியும். டபிள்யூடி-40 வேறு கதை. அது 1953இல் பிறந்தது. நீரை விரட்டுகிற கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதால்தான் அந்தப் பெயர், அட்லஸ் ஏவுகணையின் மேற்தகட்டைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை விரட்ட அருமையானது. அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுகிற மெல்லிய படலத்தை மசகென்று நம்பி மாதக்கணக்கில் விட முடியாது. தோட்டா இருக்கும் பக்கம் அடிக்கவே வேண்டாம். இது மட்டுமல்ல, ஊடுருவுகிற எந்த எண்ணெயும் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா செத்துப்போகலாம்.

எந்த எண்ணெய் என்பதைவிட, எங்கே வைக்கக் கூடாது என்பது முக்கியம். ஸ்ட்ரைக்கர் வகை, அதாவது சுத்தியல் இல்லாமல் ஊசியே பாய்ந்து பிரைமரை அடிக்கிற பிஸ்டல்களில், அந்த ஊசி ஓடும் துளை காய்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் போனால் தூசியும் கரியும் சேர்ந்து களியாகி, ஊசி அடிக்கிற வேகம் குறைந்துவிடும்.

மசகுச் சண்டையை நான் பெரிதாக எடுக்காததற்கு இன்னொரு காரணம் அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிள். 1960களில் வியட்நாமில் அந்த ரைஃபிள், அதிகம் சுத்தம் செய்யத் தேவையில்லை என்ற பேச்சோடும் போதிய கிளீனிங் கிட் இல்லாமலும் வீரர்கள் கைக்குப் போனது. தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள், சேம்பருக்குக் குரோம் பூச்சும் இல்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடுகள் சேம்பரிலேயே சிக்கிக்கொண்டன. 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்துக் கண்டித்தது. அப்புறம் கிட்டும் வந்தது, குரோம் பூச்சும் வந்தது. அந்த வீரர்களிடம் போய் எந்த பிராண்ட் எண்ணெய் நல்லது என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

கடைசியாகத் துரு. சுடுவதைவிடச் சும்மா கிடப்பதில்தான் பல துப்பாக்கிகள் கெடுகின்றன. இங்கே மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். முதல் ஆள் பாலிஸ்டால், ஜெர்மனியில் 1904இல் வந்தது. உலோகத்தோடு மரத்துக்கும் தோலுக்கும் போடலாம். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுத்துக் கலந்துவிடும். அதனால் உப்புக் கழுவும் நீரிலேயே இதைக் கலந்துகொள்கிறார்கள். நீர் ஆவியாக, எண்ணெய் தங்கும். வாசனை ஒன்றுதான் பிரச்சினை, வீட்டில் ஒருவருக்குப் பிடித்தால் இன்னொருவருக்குப் பிடிக்காது. இரண்டாவது கெட்டியான கிரீஸ் வகை. பழைய ராணுவக் கிடங்குத் துப்பாக்கிகளின் மேல் பழுப்பாக அப்பியிருக்கும் காஸ்மோலைன் இந்த ஜாதி. பத்து வருடம் கழித்தும் உள்ளே இரும்பு புதிதாக இருக்கும், ஆனால் அதைச் சூடுபடுத்தி வழித்தெடுக்கிற நாள் முழுக்க உங்கள் கை உங்களுடையதல்ல. மூன்றாவது மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் இதில் பேர்போனது. தொட்டால் கையில் ஒட்டாது, விரல் ரேகையின் உப்பு இரும்பை எட்டாது. அலமாரியில் காட்சிக்கு நிற்கிற துப்பாக்கிக்கு மெழுகு. வருடக்கணக்கில் மூடி வைப்பதற்கு கிரீஸ். மாதத்துக்கு ஒரு முறையாவது கையில் எடுப்பதற்குப் பாலிஸ்டால் மாதிரி எண்ணெய் போதும். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்புக்குக் கொடுக்கும்.

எடுத்துச் சுடும் அன்று குழலிலும் சேம்பரிலும் உள்ள எண்ணெயைக் காய்ந்த பேட்சால் துடைத்துவிட வேண்டும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு இடியும் போல்ட் மேல் விழும். பூட்டி வைக்கும்போது, மரக் கட்டையுள்ள ரைஃபிளாக இருந்தால் குழல் முனை கீழே பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள், முனைக்கு அடியில் ஒரு துணி மடிப்பு. நிமிர்த்தி வைத்தால் மிஞ்சிய எண்ணெயெல்லாம் மெல்ல இறங்கிக் கைப்பிடிப் பக்கத்து மரத்தில் ஊறும். சில வருடத்தில் அந்த இடம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு மெத்தென்றாகிவிடும்.