பத்து மணிக்குப் பிறகு தூக்காத மெசின்

மூதூரில் இருக்கிற மச்சான் போன வாரம் போன் எடுத்தான். "அத்தான், உங்கட மாதிரிப் பழைய சிவப்பு ட்ராக்டர் மெசின் ஒன்று விலைக்கு வந்திருக்கு. எடுக்கலாமா?" அன்றைக்குத்தான் கராஜிலிருந்து முழங்கை வரை ஒயிலோடு வந்து குந்தியிருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை. கோபம் ஆறியபின் இதை எழுதுகிறேன், முழுதாக ஆறவில்லை.

எஞ்சினைக் குறை சொன்னால் வாய் அழுகும். தம்பலகாமத்துச் சேற்றில் எத்தனையோ போகம் உழுதுவிட்டது, ஒருநாளும் நடு வயலில் கைவிடவில்லை. என் சண்டை, பின்னால் மாட்டும் கருவியை ஒயில் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ரோலிக்கோடு மட்டும்தான்.

காலையில், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைப் பூப்போலத் தூக்கும். பத்து மணி தாண்டி ஒயில் சூடேறினால் போச்சு. லீவரை உச்சி வரை இழுத்தாலும் முழங்கால் உயரத்தில் நின்று வேலி ஓணான் மாதிரித் தலையாட்டும். வரம்பு வரும் இடத்தில் தூக்க முடியாமல் வரம்பையே வெட்டிவிட்டேன், அதுவும் பக்கத்து வயல்காரருடையதை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது, நாள் தள்ளவும் வழியில்லை.

முதலில் ஒயிலைப் பார்த்தேன். இந்த மெசினில் கியர் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். இறக்கினால் பால் தேத்தண்ணி நிறம்! சேற்று உழவில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. முழுவதையும் மாற்றி, உள்ளே இருந்த சல்லடையையும் கழுவிப் போட்டேன். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய குணம்.

அப்புறம் ஒரு மெக்கானிக் வந்தார். காதை வைத்துக் கேட்டார், "ஒயில் தள்ளுற பம் போயிட்டுது" என்றார். பம் மாற்றினோம். ஒரு போகத்து மிச்சம் அதிலேயே போனது. காலையில் தூக்கியது, பத்து மணிக்கு ஓணான் திரும்பவும் வந்தது.

இரண்டாவது ஆள் வயதானவர். பேச்சே இல்லை. பாரத்தைத் தூக்கவைத்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். மெசினின் தூக்கும் கைகள் மெல்ல மெல்ல இறங்கின. "பம் ஓடாத நேரமும் இறங்குதே, பம்மை ஏன் மாத்தினீங்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை. பிறகு பக்கத்து மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் பண்ணி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். பம்மிலிருந்து சிலிண்டருக்கு ஒயில் ஏறும் குழாயின் அடியில் விசிறி மாதிரிப் பீய்ச்சியது. ஒரு றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ஒயில் குளிராகத் தடிப்பாக இருக்கும்வரை ஒரு மாதிரி அடைத்துக்கொள்கிறது. சூடாகி நீர்த்தால் அந்த வெடிப்பால் ஓடிவிடுகிறது. கைகள் இறங்க வால்வு திறக்கும், பம் மறுபடி தூக்கும், மறுபடி இறங்கும். அதுதான் அந்தத் தலையாட்டு. வளையத்தின் விலை தேத்தண்ணிக்கடைக் கணக்குக்குள் முடிந்தது.

இதில் மெசினின் குற்றம் என்ன? நியாயமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஹாரி பெர்குசன் 1936இல் விற்பனைக்கு விட்ட ட்ராக்டரிலேயே கருவியை மூன்று இடத்தில் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பும் ஹைட்ரோலிக்கும் சேர்ந்து வந்துவிட்டன. இன்றைக்கும் நாங்கள் ஓட்டுவது அதே யோசனையின் பிள்ளைகளைத்தான். கலப்பை இறுகினால் தானாகக் கொஞ்சம் உயர்த்தி, சில்லுக்குப் பாரத்தைத் தள்ளும் அந்த வேலையை யார் நினைத்தாலும் கும்பிடத்தான் தோன்றும்.

ஆனால் பம்மை ஏன் அந்த ஒயில் குளத்துக்குள் புதைத்தார்கள்? வெளியே வைத்திருந்தால் கசிவு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதுவும், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில்தான் சுற்றுகிறது. தண்டு நின்றால் பம்மும் நிற்கும். மகன் ஒருநாள் அந்தத் தண்டின் லீவரை நியூட்ரலில் விட்டுவிட்டு, தூக்கவில்லை தூக்கவில்லை என்று காலை முழுக்க மெசினைத் திட்டிக்கொண்டிருந்தான். நானும் சேர்ந்து திட்டினேன்.

இப்போது மத்தியான வெயிலிலும் தூக்குகிறது, நிறுத்தினாலும் அப்படியே நிற்கிறது. இதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. நீ வாங்காதே மச்சான். உன்னிடம் பொறுமையும் இல்லை, அந்த வயதானவரும் இல்லை.

கேட்கமாட்டாய், போய்ப் பார்ப்பாய், தெரியும். அப்படியென்றால் விடியக்காலையில் போகாதே. ஒரு மணித்தியாலம் உழவைத்து, பின்னால் பாரம் ஒன்றைத் தூக்கவைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடி. கீழே மட்டும் கையை விடாதே.