முல்லைத்தீவு ‘ரயில் பங்களா’: காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

“வெள்ளைக்காரன் காலத்து ரயில் ஸ்டேசனைத் திருத்தின வீடு, முல்லைத்தீவுக் கடற்கரை, குசினியோட, நீங்களே சமைச்சுச் சாப்பிடலாம்” என்று ஒரு விளம்பரம் சுற்றுது. படத்தில் நீலக் கடல், மஞ்சள் சுவர், பின்னால் ஒரு வெளிச்சவீடு. ஆகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் அதில்தான் மாட்டுப்பட்டோம்.

கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வந்திருந்தது. பெறாமகன் ரயில் பைத்தியம், அவனுக்காகவே பிடித்தேன். இரண்டு இரவுக்கு 36,000 ரூபாய். பாதி முற்பணம், மீதி போய் இறங்கினதும். அதோடு “ஏதும் உடைஞ்சால் கழிக்க” என்று 10,000. எல்லாம் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு. அப்பவே யோசித்திருக்க வேணும்.

அதைவிட என்னைக் குடையிறது வேற. முல்லைத்தீவுக்குக் கோச்சி (ரயில்) எப்ப ஓடினது? வடக்குப் பாதை வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்று யாழ்ப்பாணம் போகுது. மாங்குளத்தில் இறங்கினால் முல்லைத்தீவுக்கு இன்னும் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர் பஸ். வன்னியில் பிறந்து வளர்ந்த எனக்கே படத்தைப் பார்த்ததும் மூளை வேலை செய்யவில்லை.

மாமா, மனைவியின் தகப்பன், பழைய ரயில்வேக்காரர். 1990இல் சண்டையோடு நிற்கும்வரை மதவாச்சி–தலைமன்னார் பாதையில் வேலை செய்தவர். போய் இறங்கினதும் என் போனை வாங்கிப் படத்தைப் பெரிசாக்கினார்.

“தம்பி, இது தலைமன்னார் வெளிச்சவீடெல்லோ. இதுக்குக் கிட்ட இருந்து எத்தினை நாள் சோறு திண்டனான்.”

விளம்பரம் போட்டவன் மேற்குக் கரைப் படத்தைக் காட்டிக் கிழக்குக் கரையில் காசு வாங்கியிருக்கிறான்.

கட்டடத்தைச் சொல்லவேணும். கதவு ஒரு சாண் தடிப்பு, உட்பக்கம் தகரம் அடித்தது. நிலத்தில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால், நேரே கட்டிலுக்குக் கீழால் போகுது. இராத்திரி மின்விசிறி நின்றதும் அதற்குள்ளிருந்து பழைய மீன் வெடுக்கு எழும்பியது. விடியக் கரைவலை இழுக்க வந்த ஐயா ஒருவர் சிரிச்சார்: “அது முந்தி மீனுக்கு ஐஸ் போட்டு வைச்ச இடம் மோனை.” வாசலில் ஸ்டேசன் பெயர்ப்பலகை மாதிரி ஒன்று, ஆங்கிலத்தில் மட்டும். இந்த நாட்டில் எந்த ஸ்டேசனில் மூன்று மொழியும் இல்லாத பலகை இருக்கு? படிக்குப் போட்டிருந்த, தண்டவாளத்துக்குக் கீழால் போடுற இரண்டு சிலிப்பர் கட்டையை மாமா குனிந்து தடவி, ஆணித் துளையைப் பார்த்து, “இது மட்டும் உண்மை” என்றார். சண்டைக் காலத்தில் தண்டவாளமும் சிலிப்பரும் பங்கருக்குப் போன பகுதி இது, ஆற்றையாவது வளவில் எடுத்திருப்பான்.

குசினியில் காஸ் அடுப்பு இருந்தது, சிலிண்டர் வெறுமை. காவலுக்கு நின்ற பெடியன், “நீங்களே சமைக்கிறதெண்டால் காஸும் நீங்கள்தானே அண்ணை” என்றான். சட்டி இரண்டு, அகப்பை ஒன்று, கத்தி இல்லை. கரையில் வாங்கின பாரையை அண்ணி பழம் வெட்டுற சின்னக் கத்தியால் அறுத்து முடிக்க ஒரு மணித்தியாலம். மூன்று கல்லு வைத்துப் பனைமட்டை எரித்தோம். குழாய்த் தண்ணீர் உவர், பால்தேத்தண்ணி திரைஞ்சு போச்சு. பிள்ளை வீட்டை இரண்டு தரம் சுற்றிவந்து, “சித்தப்பா, தண்டவாளம் எங்க?” என்று கேட்டான்.

இரண்டாம் இரவு நிற்கவில்லை. அந்த 10,000ஐக் கேட்டால், கோப்பை உடைஞ்சதாம். அந்த வீட்டில் கோப்பையே இல்லை, பிளாஸ்டிக் ரம்ளர்தான். பிறகு போனே எடுக்கிறானில்லை.

பதிவு செய்த இடமென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கம் இருக்கும், கேளுங்கோ. வீடியோ அழைப்பில் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கோ. கடலோரம் கோச்சி பார்க்க ஆசையென்றால் தலைமன்னார் பியர் (இறங்குதுறை) ஸ்டேசனுக்குப் போங்கோ, 2015 மார்ச்சில் திரும்ப ஓடத் தொடங்கினது.

காசு போட்ட துண்டு என்னட்டைப் பத்திரமாக இருக்கு. இதே ஆளிடம் ஏமாந்த வேறு ஆரும் இருந்தால் சொல்லுங்கோ, சேர்ந்து பொலிசுக்குப் போவம்.